நல்ல நேரத்தில் பூட்டிய சில்லு

காரின் சக்கரத்தை, எங்களூர்ச் சொல்லில் சில்லை, பூட்டும்போது, நட்டை முதலில் விரலால் பிடித்து நாலைந்து சுற்றுச் சுற்றி, அது நேராக ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கருவியால் இறுக்க வேண்டும். இது எனக்கு அனுபவத்தால் தெரிந்ததல்ல. என் பழைய ஜப்பான் காரின் கைநூலில் படித்தேன். மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை பென்சிலால் அடிக்கோடும் போட்டேன். அப்படியிருந்தும், என் மூக்குக்கு மூன்றடி முன்னால் ஒரு மனிதர் அதற்கு நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தபோது நான் அவருடைய கையைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் வெட்கக்கேடு என்னவென்றால், அவரை அவசரப்படுத்தியதே நான்தான்.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை உடுப்பிட்டி. ஒரு திங்கட்கிழமை முற்பகல் பத்தேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கல். தாலிக்கான பொன்னை ஆசாரி வந்து உருக்கும் சடங்கு அது. பெண் வீட்டார் பலகாரத் தட்டுகளோடு போய் நிற்க வேண்டும். அக்காவையும் அத்தானையும் நல்லூரிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் பொறுப்பு தாய்மாமனாகிய என் தலையில் விழுந்தது. ஊரில் எத்தனையோ நல்ல சாரதிகள் இருக்கிறார்கள். ஆனால் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பிள்ளைக்கு வேறொரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் வான் நின்றுபோனது. வேறு வாகனம் கிடைக்காமல் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மூன்றாம் வாரம் சம்பந்தம் குழம்பி முறிந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்ததுதான் காரணம். அக்காவின் கணக்கில் அந்த ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்ததே நின்றுபோன வான்தான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அக்கா மெலிந்துபோனதை மட்டும் எல்லோரும் பார்த்தோம்.

பொன்னுருக்கலுக்கு முதல்நாள் நான் போனபோது, அக்கா பயற்றம் பணியாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“தம்பி, இந்த முறை இடையிலை நிக்கப்படாது. திரும்பி வரவும் படாது. இன்னொருக்கால் எண்டா நான் தாங்கமாட்டன்.”

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அதற்குள் முற்றத்தில் என் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த அத்தான், இடப்பக்க முன்சில்லின் ரயரில் கோழிமுட்டை அளவு வீக்கம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அத்தான் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகம் என்பது சுற்றறிக்கைகளால் ஆனது. பஞ்சாங்கம் அவற்றுள் மூத்தது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். நாங்கள் உண்மையில் புறப்படுவது ஒன்பதுக்குப் பிறகுதான். ஆனாலும் புறப்பாடு ஏழரைக்கு முன்னுள்ள சுபநேரத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. அதற்கு எங்களூரில் வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் வாகனத்தைப் படலைக்கு வெளியே எடுத்துத் தெருவில் விட்டுவிட்டால் பயணம் தொடங்கியதாகிவிடும். பிறகு ஆறுதலாகச் சாப்பிட்டு, சீலை மாற்றிக்கொண்டு போய் ஏறலாம். வெளிக்கிட்ட வாகனத்தைத் திரும்ப உள்ளே எடுக்கக்கூடாது. அவ்வளவுதான்.

ஆக, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ரயர் கடை திறக்கும்போது வாசலில் நான் நின்றேன். முன்சில்லுகள் இரண்டுக்கும் புது ரயர். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர். நெற்றி நிறைய விபூதி. வலப்பக்கச் சில்லை அவர் பூட்டிய அழகை நான் ரசித்தே பார்த்தேன். நட்டை விரலால் பிடித்துச் சுற்றினார், எதிரெதிராக இறுக்கினார், கடைசியில் நீளக் கம்பியால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். கைநூலுக்கு அவர் எழுதிய உரை மாதிரி இருந்தது. இடப்பக்கத்துக்கு வந்தபோது பழைய ரயர் வளையத்தைவிட்டுக் கழன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏழு இருபத்தொன்றுக்குத் தொலைபேசி அடித்தது. அத்தான்.

கார் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது என்றேன். மறுமுனையில் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தீர்ப்பு வந்தது.

“காரை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ஏழரைக்கு முதல் சில்லு நாலும் நிலத்திலை பட்டு, வடக்கை பாத்து ஒரு முழம் உருண்டாலே காணும்.”

நான் அதைக் கடைக்காரரிடம் ஒப்புவித்தேன். வேறு எந்த ஊரிலும் ஒரு ரயர் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார். இவர் சிரிக்கவில்லை. சுவரில் முருகன் படத்துக்குக் கீழே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. என்ன விசேஷம் என்று கேட்டார். பொன்னுருக்கல் என்றேன். அதன் பிறகு அவர் எனக்காக வேலை செய்யவில்லை, முகம் தெரியாத ஒரு பெண்ணின் தாலிக்காக வேலை செய்தார். ரயர் ஏறியது, காற்று ஏறியது, சில்லு தூக்கி வைக்கப்பட்டது. நட்டுகளை விரலால் சுற்ற நேரமில்லை. துப்பாக்கி வடிவில், காற்றில் இயங்கும் துவக்கு ஒன்று அவர்களிடம் உண்டு. நட்டை அதன் வாயில் வைத்து அப்படியே அழுத்தினார். டர்ர்ர் என்று நாலு முறை. அந்தச் சத்தத்துக்கு எங்களூரில் இன்னும் சிலர் சண்டைக்காலப் பழக்கத்தில் தலை குனிவார்கள், நானும் குனிந்தேன். மூன்றாவது டர்ருக்கு முடிவில் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஓசை கேட்டது. வேலை சரியாக முடிந்துவிட்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு இருபத்தெட்டுக்குக் கார் இறங்கியது. இரண்டு பேருமாகத் தள்ளினோம். ஒரு முழம் வடக்கே உருண்டது. கடைக்காரர் கை கூப்பினார். பிறகு இடப்பக்கச் சில்லையே பார்த்தபடி நின்றார்.

“உந்தச் சில்லை ஒருக்கால் திருப்பி ஜக் அடிச்சு, கம்பியாலை இறுக்கிப் பாக்கவேணும் அண்ணை. ஆனா வெளிக்கிட்ட வாகனம். இனித் தூக்கினாச் சரியில்லை. போய்ட்டு வந்து காட்டுங்கோ.”

நான் படித்தவன். அடிக்கோடு போட்டவன். “ஓம் ஓம், அதுதான் சரி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது ஐந்துக்கு நல்லூரிலிருந்து புறப்பட்டோம். அத்தான் முன்னாசனத்தில், மடியில் ஒரு தட்டோடு. அக்கா பின்னாசனத்தில், இரண்டு பக்கமும் தட்டுகளோடு, புதுச் சீலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபாலை போனது, கோப்பாய் போனது. கார் வழக்கம்போலத்தான் ஓடியது. நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு வந்தபோதுதான் அது தொடங்கியது. டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக், டொக். வேகத்தைக் கூட்டினால் கூடியது, குறைத்தால் குறைந்தது. கல் ஏதாவது சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“என்ன மச்சான், ஒரு சத்தம்?” என்றார் அத்தான்.

“பலகாரத் தட்டு ஆடுது அத்தான்.”

பொய் என் வாயில் இவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அத்தான் மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். சத்தம் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார். சிறுப்பிட்டி தாண்டும்போது அவர் தட்டிலிருந்த அரியதரப் பலகாரங்களைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

புத்தூருக்கு வர, ஸ்ரியறிங் என் கையில் நடுங்கத் தொடங்கியது. முதலில் அது என் கையின் நடுக்கம் என்றே நினைத்தேன். ஒரு கையை எடுத்துப் பார்த்தேன். கையும் ஸ்ரியறிங்கும் தனித்தனியாக நடுங்கின.

படித்தவனுடைய பயம் ஒரு தனி வகை. மற்றவர்களுக்கு ஒரு சத்தம்தான் கேட்கும். எனக்குப் பக்க எண்ணோடு கேட்டது. சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவை அச்சுக்கட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்ரட்டுகள் என்ற நாலு இரும்புத் தண்டுகள். என் சின்ன விரல் தடிப்பு. நட்டு சரிந்து ஏறினால் ஸ்ரட்டின் திருகுமரை அரைபட்டுப்போகும். மரை போனால் நட்டுக்குப் பிடி இல்லை. ஒன்று கழன்றால் அதன் பாரம் மற்றவற்றில் ஏறும். அவை ஒவ்வொன்றாக முறியும். பிறகு என்ன ஆகும் என்பதைக் கைநூல் எழுதியவர் ஒரே சொல்லில் முடித்திருந்தார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்தான் நான் பென்சிலால் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தேன்.

நிறுத்த வேண்டும். அது ஒரு குழந்தைக்கும் தெரியும். நிறுத்துவதற்காகக் காலைத் தூக்கினேன். கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. கண்களை மூடியிருந்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கார் நின்றால் அந்தக் கண்கள் திறக்கும். திறந்து முதலில் என்னைப் பார்க்கும். நான் காலை மீண்டும் பெற்றோல் மிதியில் வைத்தேன். சில்லுக்குப் பயந்ததைவிட அக்காவின் முகத்துக்குப் பயந்தேன் என்பதை இங்கே எழுதிவைப்பது நல்லது. அந்த முகத்தைக் காப்பாற்ற, அந்த முகத்துக்குரியவளையே ஆபத்தில் வைத்திருந்தேன். இது அப்போது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால், அது இரண்டாவது பொய்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பின்கரியரில் மூன்று நாலு வயதுப் பிள்ளை ஒன்று, எங்களைப் பார்த்தபடி, கால்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சில்லு இருந்தது இடப்பக்கம். அவர்கள் போனதும் இடப்பக்கம். நான் தெருவின் நடுவுக்கு விலகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கடந்தேன். பிள்ளை எனக்குக் கை காட்டியது.

ஆவரங்காலுக்கு அப்பால் வீடுகள் முடிந்து வல்லை வெளி தொடங்கும். இரண்டு பக்கமும் வெறும் தரை, உப்புப் பற்றைகள், தண்ணீர், மேலே காற்று. மரம்கூடக் கிடையாது. அந்த வெளி கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்தேன். அடுத்த கணமே ஒரு நினைப்பு வந்தது. வெளியில் தெருவோரத்தில் முனியப்பர் கோயில் இருக்கிறது. அந்தத் தெருவில் போகிற வாகனங்கள் அங்கே நிற்கும். இறங்கிக் கும்பிட்டு, விபூதி பூசி, காசு போட்டுவிட்டுப் போவார்கள். அங்கே நிற்பது அபசகுனமல்ல. நிற்காமல் போனால்தான் அக்கா என்னைக் கேள்வி கேட்பாள்.

முனியப்பர் கோயில்வரை இந்தச் சில்லு தாங்க வேண்டும். கடவுள் விஷயத்தில் நான் இளம் வயதிலிருந்தே நீளமாகத் தர்க்கம் செய்து வந்தவன். அந்தத் தர்க்கங்கள் முழுவதையும் ஆவரங்காலில் இறக்கிவிட்டேன்.

வேகம் பதினைந்து. ஆசனம் குலுங்கியது. கார் ஒவ்வொரு சுற்றுக்கும் இடப்பக்கம் தலையாட்டியது. டொக் என்பது இப்போது இரும்பு இரும்பில் அடிக்கும் சத்தமாகியிருந்தது. பின்னால் ஒரு மினிபஸ் வந்து ஹோனை அழுத்திப் பிடித்தது, பிறகு முந்தியது. முந்தும்போது மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துநர் எங்கள் சில்லைக் கையால் காட்டி ஏதோ கத்தினார். காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவருடைய வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. பஸ் தூரப் போகும் வரை அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அத்தான் தட்டிலிருந்து ஒரு கையை எடுத்து அவருக்கு மரியாதையாகக் கை காட்டினார்.

கோயில் தெரிந்தது. தெரிந்த பிறகும் அது கிட்ட வரவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசி நூறு கஜ தூரத்தை நான் ஓட்டவில்லை, எண்ணினேன். ஒரு டொக், இன்னுமொரு டொக். தெருவோரத்து மணலில் ஏறி நின்றபோது, கார் இடப்பக்கமாகச் சரிந்து பெருமூச்சு விட்டது. அல்லது அது நானாக இருக்கலாம்.

அக்காவும் அத்தானும் இறங்கிக் கும்பிடப் போனார்கள். நான் பூட்ஸ் நாடாவைக் கட்டுகிறவன்போலச் சில்லின் முன்னால் குந்தினேன். செருப்புத்தான் போட்டிருந்தேன் என்பது குந்திய பிறகு ஞாபகம் வந்தது. நாலு நட்டுகளில் ஒன்று ஸ்ரட்டின் பாதியோடு சேர்ந்து முறிந்து போயிருந்தது. காலையில் கேட்ட ‘டிக்’ அதுதான். இன்னொன்று எங்கேயோ விழுந்துவிட்டது. அதன் ஸ்ரட் மரையெல்லாம் வழுக்கி மொட்டையாக நின்றது. மூன்றாவது சரிந்து, பாதி கழன்று, நுனியில் தொங்கியது. நாலாவது மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டேன். அதுவும் ஆடியது.

மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வந்த ஒருவர், எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். கரைப்பக்கத்து ஆள், வலிகாமத்துக்கு மீன் கொண்டுபோகிறவர். சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காருக்குள் இருந்த தட்டுகளைப் பார்த்தார்.

“எவ்வளவு தூரத்திலையிருந்து வாறியள்?”

“நல்லூர்.”

“இன்னும் ஒரு கட்டை தூரம் போயிருந்தால், உந்தச் சில்லு உங்களுக்கு முன்னாலை போய்ச் சேந்திருக்கும் அண்ணை.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தனக்குத் தெரிந்த ஓட்டோக்காரருக்குத் தொலைபேசி எடுத்து உடனே வரச்சொன்னார். ஓட்டோ வந்து அவர்கள் ஏறும்வரை மீன் வெயிலில் இருக்க, தானும் நின்றார்.

அக்கா விபூதியோடு வந்தாள். காருக்குச் சின்னப் பிரச்சினை, நீங்கள் ஓட்டோவில் போங்கோ என்று சொன்னேன். அவள் முகத்திலிருந்த நிறம் இறங்குவதைப் பார்த்தேன். அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் காரையும் கோயிலையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். முப்பது வருடக் கச்சேரி அனுபவம் அந்த முகத்தில் ஓடியது.

“கோயிலிலை நிண்டது நிண்டதாகாது,” என்றார் கடைசியில். “திரும்பேல்லை. ஆக்கள் முன்னுக்குத்தான் போறம். வாகனம் மாறினதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லை.”

அக்கா மூச்சை விட்டாள். என் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு ஓட்டோவில் ஏறினாள். தட்டுகள் ஏறின. அத்தான் அரியதரத்தை இப்போதும் அணைத்தபடியே இருந்தார்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் முழுதாக வந்தது. வெளியில் நானும் காற்றும் காரும். கோயில் சுவரோடு சாய்ந்து இருந்தேன். கழன்றுபோன நட்டு எங்கே விழுந்திருக்கும் என்று யோசித்தேன். நீர்வேலியிலா, புத்தூரிலா? புத்தூர் என்று நினைத்ததும் அந்தப் பிள்ளையின் விரித்த கால்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. சில்லு தனியாக உருண்டு இடப்பக்கம் போகிறது. பிள்ளை அதற்கும் கை காட்டுகிறது. அதை நிறுத்த முடியவில்லை. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ரயர் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்குச் சொல்லவென்று மூன்று வசனம் தயார் செய்திருந்தேன். கடுமையான, இலக்கணப் பிழையற்ற வசனங்கள். அவர் புது ஸ்ரட்டுகளும் சுத்தியலுமாக மோட்டார் சைக்கிளில் தானே வந்து இறங்கினார். சில்லின் முன்னால் குந்தியவர் வெகுநேரம் எழும்பவில்லை. விபூதிக்குக் கீழே நெற்றி வியர்த்திருந்தது. ஆக்களுக்கு ஒன்றுமில்லையே என்று இரண்டு முறை கேட்டார். என் மூன்று வசனங்களும் போன இடம் தெரியவில்லை.

பழைய ஸ்ரட்டுகளை அடித்துக் கழற்றி, புதியவற்றை இழுத்து ஏற்றினார். பழைய சில்லின் ஓட்டைகள் நீள்வட்டமாகிப் போயிருந்ததால் காரின் பின்பெட்டியிலிருந்த மேலதிகச் சில்லைப் போட்டார். ஒவ்வொரு நட்டையும் விரலால் பிடித்து, கடைசி மரைவரை விரலாலேயே சுற்றினார். வேலை முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

“பிழை என்ரை கையிலைதான் அண்ணை. நேரம் போகுதெண்டு பதகளிச்சுப் பூட்டிப்போட்டன். ஆனா உது நீர்வேலியிலையே சத்தம் போட்டிருக்குமே. நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?”

நான் கோயிலைப் பார்த்தேன். கோயிலும் என்னைப் பார்த்தது. பழைய நட்டுகளைப் பொறுக்கி அவரிடம் கொடுத்தேன்.

பின்னேரம் நல்லூருக்குப் போனேன். பொன்னுருக்கல் குறையில்லாமல் முடிந்திருந்தது. பொன் ஒரே மூச்சில் உருகியதாம். அக்கா இரண்டு வருடங்களுக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீர்வேலியிலேயே சத்தம் கேட்டதை, தட்டு என்று பொய் சொன்னதை, அவள் பயப்படக்கூடாது என்பதற்காக அவ்வளவு தூரமும் தனியாகப் பயந்துகொண்டு வந்ததை.

அக்கா தேத்தண்ணியை ஆற்றி ஒரு வாய் குடித்தாள்.

“சத்தமும் குலுக்கமும் எனக்கும் நீர்வேலியிலையே தெரிஞ்சதுதான்,” என்றாள். “நீ கார் ஓடினா எப்பவும் உப்பிடித்தானே எண்டு நான் பேசாமல் இருந்தனான்.”